கூரைத் துப்பாக்கிக்குப் பின்னால் ஓர் ஆள்: டாங்கி விளையாட்டு ஒன்றில் மேல்தள இயந்திரத் துப்பாக்கி அமைத்த அனுபவம்

டாங்கிப் போர் விளையாட்டுகளில் கூரைமேல் பொருத்தப்படும் இயந்திரத் துப்பாக்கிக்குப் பெரும்பாலும் இரண்டு விதமான கதிதான் நேர்கிறது. வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸில் அது பார்வைக்கு மட்டுமே; எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அதிலிருந்து ஒரு தோட்டாகூட வெளிவராது. வார் தண்டரில் அது சுடும். ஆனால் சுடுகிறவர் கவசத்துக்குள் பத்திரமாக அமர்ந்திருக்க, மேலே துப்பாக்கி மட்டும் தானாகத் திரும்பிக் குறிபார்க்கிறது. ஓய்வு நேரத்தில் கொடோ (Godot) என்ற விளையாட்டு உருவாக்க எஞ்சினில் நான் கட்டிவரும் சிறிய வாகனப் போர் விளையாட்டுக்கு இந்தத் துப்பாக்கியை அமைக்க உட்கார்ந்தபோது, இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்க வேண்டும் என்று தோன்றியது. தோட்டாவின் சேதக் கணக்கைக் கூட்டிக் குறைத்துச் சமநிலை தேடுவதை விடுத்து, துப்பாக்கிக்குப் பின்னால் நிற்கிற ஆளையும் அவர் நிற்கும் இடத்தையும் உள்ளபடியே அமைத்துவிட்டால் சமநிலையில் பெரும்பங்கு தானாகவே வந்துவிடும் என்பது என் ஊகம். அந்த ஊகத்தை விளையாட்டுக்குள் கொண்டுவந்த முறையையும், அது எங்கே தாங்கியது, எங்கே தாங்கவில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் மூன்று துப்பாக்கிகளை எடுத்துக்கொண்டேன். அமெரிக்க பிரவுனிங் எம்2, 12.7 மி.மீ. குழல் விட்டமும் 38 கிலோ எடையும் கொண்டது. நொடிக்குச் சுமார் 890 மீட்டர் வேகத்தில் நிமிடத்திற்கு 450 முதல் 600 சுற்றுகள் (தோட்டாக்கள்) வரை சுடும். சோவியத் டிஎஸ்எச்கே அதே விட்டத்தில் சற்று நீண்ட தோட்டாவை நொடிக்குச் சுமார் 850 மீட்டர் வேகத்தில், நிமிடத்திற்கு 600 சுற்று என்ற கணக்கில் அனுப்பும். ஜெர்மானிய எம்ஜி 34 இவற்றைவிட மிகச் சிறியது, 7.92 மி.மீ. துப்பாக்கித் தோட்டாவையே சுடுகிறது, ஆனால் நிமிடத்திற்கு 800 முதல் 900 சுற்று வரை போகும். மூன்றும் இரண்டாம் உலகப் போரின் டாங்கிக் கூரைகளில் இருந்தவை: எம்2 ஷெர்மனிலும், டிஎஸ்எச்கே 1944-இன் பிற்பகுதியிலிருந்து ஐஎஸ்-2-இலும், எம்ஜி 34 பாந்தர், டைகர் ஆகியவற்றில் கமாண்டரின் தலைக்கு மேலுள்ள சிறு கவசக் கூண்டின் வளையத்திலும் பொருத்தப்பட்டன.

சுடும் வேகமும் கணக்கின் நுண்மையும்

கொடோ எஞ்சின் இயல்பாக நொடிக்கு 60 முறை இயற்பியல் கணக்கைப் புதுப்பிக்கிறது. அந்தத் துடிப்பு ஒவ்வொன்றையும் 'டிக்' என்று அழைக்கலாம். எம்2-க்கு நிமிடத்திற்கு 550 சுற்று என்று வைத்தால், இரு சுற்றுகளுக்கு இடையே 6.5 டிக்குக்குச் சற்று மேல் இடைவெளி வேண்டும். எஞ்சினிலுள்ள சாதாரண டைமர் ஒன்றைப் போட்டு, அது முழு டிக்குகளில் விழும்படி விட்டுவிட்டால், 6 டிக்குக்கு ஒருமுறை சுடும் துப்பாக்கி நிமிடத்திற்கு 600 சுற்றாகவும், 7 டிக்குக்கு ஒருமுறை சுடுவது 514 சுற்றாகவும் மாறிவிடும். எம்ஜி 34-இல் இந்த வேறுபாடு இன்னும் பெரிது: 850 என்று எழுதிய எண், 4 டிக்கில் 900 ஆகவும் 5 டிக்கில் 720 ஆகவும் ஆகிவிடுகிறது. காகிதத்தில் ஒரு துப்பாக்கியும் களத்தில் வேறொரு துப்பாக்கியும் இருந்தால் சமநிலை பற்றிப் பேசுவதில் பொருளே இல்லை.

தீர்வு எளியது. ஒவ்வொரு டிக்கிலும், ஒரு டிக்குக்குரிய சுற்றுப் பின்னத்தை, அதாவது எம்2-க்கு 0.153-ஐ, ஒரு மாறியில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அது ஒன்றைத் தொட்டதும் ஒரு தோட்டாவை விடுவித்து, மாறியிலிருந்து ஒன்றைக் கழித்து, மிச்சத்தை அப்படியே அடுத்த டிக்குக்குக் கடத்த வேண்டும். தனித்தனி இடைவெளிகள் ஆறாகவும் ஏழாகவும் மாறிமாறி விழுந்தாலும் சராசரி வேகம் துல்லியமாக நிற்கும். காதுக்கும் அந்தச் சிறு ஒழுங்கின்மை உண்மையான துப்பாக்கியின் ஓசைபோலவே கேட்டது, கூடுதல் ஆதாயம்.

தோட்டாவின் பயணத்திலும் இதே டிக் குறுக்கிட்டது. நொடிக்கு 890 மீட்டர் என்றால் ஒரு டிக்கில் ஏறத்தாழ 15 மீட்டர். முன்னால் சக்கரமும் பின்னால் சங்கிலியும் கொண்ட அரைச்சங்கிலி வண்டி ஒன்றின் நீளம் ஆறு மீட்டருக்குள் அடங்கிவிடுவதால், ஒவ்வொரு டிக்கிலும் தோட்டாவின் இருப்பிடத்தை மட்டும் சோதித்தால் அது வண்டியைத் தொடாமலே ஒரு புறத்திலிருந்து மறுபுறம் தாவிவிடும். ஆகவே தோட்டாவைப் பருப்பொருளாக வைக்காமல், முந்தைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் இடையே ஒரு கதிரைச் செலுத்தி, வழியில் எதைத் தொட்டது என்று பார்க்கும் முறைக்கு மாறினேன். ஈர்ப்பும் காற்றுத்தடையும் ஒவ்வொரு டிக்கிலும் அந்தக் கோட்டின் திசையைச் சற்றே மாற்றிக்கொண்டு வரும். நூற்றுக்கணக்கான தோட்டாக்கள் ஒரே நேரத்தில் பறந்தாலும் இந்த முறை கணினியைத் திணறவைக்கவில்லை.

துப்பாக்கி எங்கே திரும்பும், எங்கே திரும்பாது

அடுத்தது சுழற்சி எல்லை. விளையாட்டுகளில் இதற்கு வழக்கமாக இரண்டு எண்களே தரப்படுகின்றன: எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே. உண்மையான டாங்கிக் கூரை அப்படிச் சமதளமாக இருப்பதில்லை. ஹேட்ச் (ஆள் ஏறி இறங்கும் திறப்பு) மூடிகள், காற்றுக்குழாய் மூடிகள், ஆன்டெனா, முன்னால் கூரையின் விளிம்பு என எல்லாமே குழலின் வழியில் நிற்கின்றன. துப்பாக்கிக் குழல் கூரையிலிருந்து 60 செ.மீ. உயரத்திலும், கூரையின் விளிம்பு அதற்கு 1.5 மீட்டர் முன்னாலும் இருந்தால், அந்தத் திசையில் 22 பாகைக்குக் கீழே இறங்கினால் சொந்தக் கூரையையே சுட நேரிடும். பக்கவாட்டில் விளிம்பு அருகில் இருப்பதால் இன்னும் கீழே இறங்கலாம். பின்புறம் நீண்ட பொருள்கூடை இருந்தால் அந்த அளவுகூட இறங்க முடியாது.

இதற்காக வண்டி ஏற்றப்படும்போதே வட்டத்தை ஐந்து பாகைக்கு ஒன்றாக 72 திசைகளாகப் பிரித்து, ஒவ்வொரு திசையிலும் குழல்வாயிலிருந்து சொந்த உடலை நோக்கிக் கதிர்களைச் செலுத்தி, எந்தத் தாழ்வுக் கோணத்தில் அவை கூரையைத் தொடுகின்றன என்று அளந்து, ஒரு பட்டியலாகச் சேமித்துவிட்டேன். ஆட்டத்தின்போது துப்பாக்கி திரும்பும் திசைக்கு அருகிலுள்ள இரு பதிவுகளின் இடைமதிப்பு மட்டும் எடுக்கப்படுகிறது. வண்டி மாதிரியில் ஒரு பெட்டியை இடம் மாற்றினால்கூட எல்லை தானாகவே மாறிவிடுவதால், கையால் எண்களைத் திருத்தும் வேலை நின்றுபோயிற்று.

இதன் விளைவு உடனே களத்தில் தெரிந்தது. தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் இருக்கும் துப்பாக்கி 10 பாகை மட்டுமே தாழ முடிந்தால், அதன் முதல் தோட்டா 17 மீட்டருக்கு அப்பால்தான் தரையைத் தொடும். அந்த வட்டத்துக்குள் நுழைந்து தரையோடு படுத்துவிட்ட காலாட்படை வீரரைக் கூரைத் துப்பாக்கியால் தொடவே முடியாது. காலாட்படைக்கு இப்படி ஒரு பாதுகாப்பு வளையம் கிடைத்தது எந்த விதியையும் எழுதாமலே, வடிவவியலிலிருந்து மட்டும் வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

ஆளை வெளியே கொண்டுவருதல்

இந்தப் பணியின் மையம் இதுதான். பெரும்பாலான கூரைத் துப்பாக்கிகளைச் சுட ஓர் ஆள் ஹேட்சைத் திறந்து, தலையையும் தோளையும் வெளியே நீட்ட வேண்டும். சில வண்டிகளில் அதுவும் போதாது. பல ஷெர்மன்களில் எம்2-இன் தாங்கி கமாண்டர் ஹேட்சுக்குப் பின்னால் இருந்ததால், முன்னோக்கிச் சுட வேண்டுமென்றால் ஆள் இறங்கி எஞ்சின் மேல்தளத்தில் நின்றாக வேண்டும்; அதனாலேயே சில குழுவினர் தாங்கியை ஹேட்சுக்கு முன்னால் மாற்றிப் பொருத்திக்கொண்டார்கள். எம்10 டாங்கி எதிர்ப்பு வண்டியிலும் துப்பாக்கி, பீரங்கியோடு சுழலும் மேற்கூண்டான டரட்டின் பின்விளிம்பில்தான் இருந்தது. 1945 ஜனவரி 26 அன்று பிரான்சின் ஹோல்ட்ஸ்வீர் அருகே அமெரிக்கப் படைவீரர் ஆடி மர்ஃபி, எரிந்துகொண்டிருந்த ஓர் எம்10-இன் மீது ஏறி அதன் எம்2-ஆல் முன்னேறிவந்த ஜெர்மானியப் படையைத் தடுத்து நிறுத்திய செயல் அவருக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஆனரைப் பெற்றுத்தந்தது. அந்தத் துப்பாக்கி எவ்வளவு வலியது என்பதை அந்த நிகழ்வு காட்டுகிறது. அதைப் பிடித்தவர் எவ்வளவு திறந்த வெளியில் நிற்க நேர்ந்தது என்பதையும் சேர்த்தே காட்டுகிறது. விளையாட்டுகள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகின்றன.

என் விளையாட்டில் கூரைத் துப்பாக்கிக்கு மாறும் பொத்தானை அழுத்தினால், முதலில் ஹேட்ச் திறக்கும், ஆள் எழுவார், பிறகே கை துப்பாக்கியைப் பற்றும். இதற்கு ஒன்றரை நொடி ஆகிறது. தாங்கி பின்னால் உள்ள ஷெர்மன் வகையில் ஆள் மேல்தளத்துக்கு இறங்க வேண்டியிருப்பதால் நான்கு நொடி வைத்தேன். வெளியே வந்தவரின் தலைக்கும் மார்புக்கும் ஏறத்தாழ அரை மீட்டர் அகலமும் 40 செ.மீ. உயரமும் கொண்ட ஹிட்பாக்ஸ் (அடி பட்டதாகக் கணக்கிடப்படும் பரப்பு) உண்டு. எந்தத் தோட்டாவும் குண்டுச்சில்லும் அவரைத் தாக்கும். அவர் வீழ்ந்தால் மற்றொருவர் அந்த இடத்தை நிரப்பும்வரை வண்டி கமாண்டரின் பார்வையை இழக்கும்.

ஆளை வெளியே கொண்டுவந்ததில் ஒரு நன்மையும் அவருக்குக் கிடைக்க வேண்டும், இல்லையேல் யாரும் அந்தப் பொத்தானைத் தொட மாட்டார்கள். உண்மையில் டாங்கிக் கமாண்டர்கள் ஆபத்தை அறிந்தும் தலையை வெளியே வைத்திருந்ததற்குக் காரணம் பார்வைதான். கண்ணாடிப் பட்டைகள் வழியே தெரிகிற துண்டு உலகத்துக்கும் திறந்த ஹேட்சிலிருந்து தெரிகிற முழு உலகத்துக்கும் பெரும் வேறுபாடு உண்டு. ஆகவே ஹேட்ச் திறந்திருக்கும்போது எதிரி வண்டிகளைக் கண்டறியும் தூரத்தைக் கூட்டி, ஒலி வரும் திசையையும் தெளிவாக்கினேன். இப்போது எதிரியின் கூரைத் துப்பாக்கிக்கு ஒரு புதிய வேலை வந்துவிட்டது. அது டாங்கியைத் துளைக்காது, ஆனால் அதன் கமாண்டரை உள்ளே தள்ளி, அவர் பார்வையைப் பறித்துவிடும். டாங்கிக்கும் டாங்கிக்கும் இடையிலான மோதலில் இந்தத் துப்பாக்கியின் உண்மையான மதிப்பு இதுவே என்று நான் கருதுகிறேன்.

அருகில் தோட்டா பாய்ந்தால் கமாண்டர் தானாகவே குனிந்து ஹேட்சை மூடிக்கொள்ளும்படி அமைக்கலாமா என்று ஒரு யோசனை இருந்தது. சோதித்துப் பார்த்தபோது நண்பர்கள் எல்லோருமே அதை வெறுத்தார்கள், அவர்கள் வெறுப்பு நியாயமானது. தன் கையிலுள்ள ஆளை எதிராளி ஆட்டுவிப்பதுபோல் அது தோன்றுகிறது. தானாகக் குனியும் ஏற்பாட்டை நீக்கி, ஆபத்தை மட்டும் உண்மையாக விட்டுவைத்தேன். குனிவதா நிற்பதா என்பதை ஆடுபவரே முடிவுசெய்வார்.

முகட்டுக்குப் பின்னால் ஒளிந்து சுடுதல்

ஆளைக் காட்டாத விளையாட்டுகளில் மிக எரிச்சலூட்டும் தந்திரம் ஒன்று உண்டு. கூரைத் துப்பாக்கி டரட்டைவிட அரை மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால், டாங்கியை முழுவதுமாக முகட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, துப்பாக்கி மட்டும் எட்டிப்பார்க்கும்படி வைத்து, மேலிருந்து பார்க்கும் மூன்றாம் நபர் காமிராவின் உதவியோடு எதிரியைச் சுட்டுக்கொண்டே இருக்கலாம். எதிரிக்குத் திருப்பிச் சுட ஒரு மெல்லிய இரும்புக் குழல் மட்டுமே தெரியும்.

ஆள் வெளியே நிற்கும் முறையில் இந்தத் தந்திரம் பாதி செத்துவிடுகிறது, ஏனெனில் குறிகாட்டிக்குப் பின்னால் ஒரு தலை கட்டாயம் இருக்கும். மீதிப் பாதியைக் காமிரா காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதனால் கூரைத் துப்பாக்கியைப் பிடித்திருக்கும்போது காமிராவை அந்த ஆளின் கண்மட்டத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். முகட்டுக்கு அப்பால் அவர் காணாததை ஆடுபவரும் காண முடியாது. மூன்றாம் நபர் பார்வைக்குப் பழகியவர்களுக்கு இது முதலில் இறுக்கமாக இருந்தது. ஆனால் கண்ணும் குழலும் ஏறத்தாழ ஒரே கோட்டில் வந்துவிட்டதால், குறிப்புள்ளிக்கும் தோட்டா விழும் இடத்துக்கும் இடையே இருந்த விலகல் பிரச்சினையும் அதோடு தீர்ந்தது.

முதல் நொடியிலேயே தலை போய்விடும் சிக்கல்

ஊகம் முதன்முறையாகத் தடுமாறியது இங்கேதான். சுடுபவர் வெளியே நிற்கிறார், எதிரே இருப்பவரும் வெளியே நிற்கிறார். யார் முதலில் பொத்தானை அழுத்துகிறாரோ அவரே வென்றார். கணக்குப் போட்டுப் பார்த்தால் காரணம் புரிகிறது. தோட்டாச் சிதறலை 2 மில்லிரேடியன் ஆரமாக வைத்திருந்தேன் (ஒரு மில்லிரேடியன் என்பது ஆயிரம் மீட்டரில் ஒரு மீட்டர் விலகும் கோணம்). 300 மீட்டரில் அது 60 செ.மீ. ஆரமுள்ள வட்டம், பரப்பு 1.1 சதுர மீட்டருக்குச் சற்று மேல். வெளியே தெரியும் ஆளின் பரப்பு 0.2 சதுர மீட்டர். தோட்டாக்கள் வட்டத்துக்குள் சீராகப் பரவினால், ஏறத்தாழ ஆறில் ஒன்று அவர் மேல் படும். நொடிக்கு ஒன்பது தோட்டாக்கள் வரும்போது, ஒரு நொடிகூட அவர் தாங்க மாட்டார்.

தலையின் ஹிட்பாக்ஸைச் சுருக்குவதும் தோட்டாவின் வலிமையைக் குறைப்பதும் சுலபமான வழிகள், ஆனால் இரண்டுமே பொய். 12.7 மி.மீ. தோட்டா பட்டும் ஒருவர் நின்றுகொண்டிருப்பதைக் கண்டால் ஆட்டத்தின் மீதே நம்பிக்கை போய்விடும். மாறாக, தாங்கியின் ஆட்டத்தைக் கணக்கில் சேர்த்தேன். கூரைத் தாங்கியில் கையால் பிடிக்கும் துப்பாக்கி ஒவ்வொரு சுற்றுக்கும் சற்றே அதிரும். விடாமல் சுட்டால் அந்த அதிர்வு சேர்ந்துகொண்டே போகும். எனவே முதல் ஐந்து சுற்றுகள்வரை சிதறல் 2 மில்லிரேடியனிலிருந்து மெதுவாக ஏறி, பிறகு விரைந்து 6 மில்லிரேடியனைத் தொடும். விரலை எடுத்ததும் ஒரு நொடிக்குள் இறங்கிவிடும். 6 மில்லிரேடியனில் அதே 300 மீட்டர் வட்டத்தின் ஆரம் 1.8 மீட்டராகவும் பரப்பு பத்துச் சதுர மீட்டராகவும் விரிகிறது. அப்போது நூறில் இரண்டு தோட்டாக்களே ஆள்மேல் படும். வண்டி ஓடிக்கொண்டிருந்தால் சிதறல் 8 மில்லிரேடியனிலிருந்தே தொடங்குகிறது.

விளைவாக, ஆடுபவர்கள் சொல்லிக்கொடுக்காமலே ஐந்தாறு சுற்றுகள் கொண்ட சிறு தொடர்களாகச் சுடத் தொடங்கினார்கள். எம்2-க்கான அமெரிக்க ராணுவக் கையேட்டிலும் ஐந்து முதல் ஏழு சுற்றுகள் கொண்ட தொடர்களே வலியுறுத்தப்படுகின்றன. மெதுவான சுடுதலில் 10 முதல் 15 நொடி இடைவெளியோடு, நிமிடத்திற்கு 40 சுற்றுக்கும் குறைவாக. கையேட்டின் முதன்மைக் கவலை குழலின் சூடும் தோட்டாச் செலவும்தான் என்றாலும், விளையாட்டிலும் அதே பழக்கம் வேறு வழியாக வந்து சேர்ந்தது.

சூட்டைத் தனியாகக் கணக்கிடவும் செய்தேன், ஆனால் அதற்கு அதிக வேலை இல்லை. எம்2-இன் பெட்டியில் 100 சுற்றுகள். 550 வேகத்தில் 11 நொடிக்குள் தீர்ந்துவிடும். டிஎஸ்எச்கே-யின் பெட்டியில் 50 சுற்று, ஐந்து நொடிதான். குழல் அபாயகரமாகச் சூடேறுமுன் பெட்டி தீர்ந்துவிடுவதால், சூட்டுமானி பெரும்பாலும் பச்சையிலேயே நின்றது. எது உண்மையில் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தியது என்றால், பெட்டி மாற்றும் நேரம். நூறு சுற்று கொண்ட எம்2 பெட்டி சுமார் 16 கிலோ எடை. அதை உள்ளிருந்து தூக்கி, தாங்கியில் வைத்து, பெல்ட்டை நுழைத்து, கைப்பிடியை இழுக்க வேண்டும், அதுவரை அந்த ஆள் வெளியே நின்றே ஆக வேண்டும். இதற்குப் பன்னிரண்டு நொடி வைத்திருக்கிறேன். சூட்டுமானியைத் திரையிலிருந்து நீக்கிவிட்டேன். கணக்கு மட்டும் உள்ளே ஓடுகிறது.

எதைத் துளைக்கலாம்

கவசக் கணக்கில் சொல்ல அதிகம் இல்லை, ஏனெனில் இங்கே உண்மையை அப்படியே விட்டாலே போதுமானதாக இருந்தது. எம்2-இன் கவசத் துளைப்புத் தோட்டா அண்மைத் தூரத்தில் 20 மி.மீ.-க்குச் சற்று மேல் எஃகைத் துளைக்கும். ஷெர்மனின் பக்கக் கவசம் 38 மி.மீ., டி-34-இன் பக்கம் 45 மி.மீ.; அவற்றை அது ஒன்றும் செய்யாது. ஆனால் ஜெர்மானிய 251 வகை அரைச்சங்கிலி வண்டியின் பக்கம் 8 மி.மீ., முன்பக்கம் 14.5 மி.மீ. மட்டுமே. எம்18 ஹெல்கேட்டின் உடற்கவசம் 12.7 மி.மீ. இந்த மெல்லிய வண்டிகள் எம்2-க்கு முன் நிற்கக் கூடாதவை, ஆனால் அந்த 8 மி.மீ. கவசம் சாதாரணத் துப்பாக்கித் தோட்டாவைத் தடுப்பதற்காகவே இருந்ததால், எம்ஜி 34-இன் சாதாரணத் தோட்டா அதே அரைச்சங்கிலி வண்டியைத் தொந்தரவு செய்வதோடு நின்றுவிடும். இதனால் ஜெர்மானியப் பக்கம் கூரைத் துப்பாக்கியில் பின்தங்குகிறது என்று சோதனையில் ஒருவர் முறையிட்டார். அது உண்மைதான், அதை நான் திருத்தவில்லை. எம்ஜி 34 கூடுதலாகச் சிதறவிடும் தோட்டாக்கள் கமாண்டர்களைக் குனியவைப்பதில் எம்2-ஐவிடச் சற்று மேலாகவே வேலை செய்கின்றன; துளைப்பில் இழந்ததைப் பார்வைப் போரில் அது பெறுகிறது.

மேல்திறந்த வண்டிகள் மட்டும் தனிச் சிக்கல். எம்10 போன்றவற்றில் குழுவினர் எல்லோருமே எப்போதும் பாதி வெளியே இருப்பதால், மேட்டிலிருந்து சுடும் கூரைத் துப்பாக்கி அவர்களை எளிதில் முடித்துவிடுகிறது. இதற்குக் கணக்கில் மாற்றம் செய்யாமல், வரைபடங்களில் மேட்டு நிலங்களின் இருப்பிடத்தைத்தான் மாற்றினேன்.

டிரேசர்களைப் பற்றி, அதாவது ஒளிர்ந்துகொண்டே பறக்கும் தோட்டாக்களைப் பற்றி, ஒரு சிறு குறிப்பு. பல விளையாட்டுகளில் ஒவ்வொரு தோட்டாவும் ஒளிர்கிறது. நான் வழக்கமான பெல்ட்டைப் போல ஐந்தில் ஒன்றை மட்டும் ஒளிரவிட்டேன். அந்த ஒளிக்கோடு எதிரிக்குச் சுடுபவரின் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. கூட்டாளிகளுக்கு இலக்கையும் காட்டுகிறது. வானொலி வசதி இல்லாத அறிமுகமற்ற குழுக்களில் எதிரி டாங்கியைச் சுட்டிக்காட்ட ஆடுபவர்கள் இதையே பயன்படுத்தினார்கள்.

வானூர்தி எதிர்ப்பைப் பொறுத்தவரை எதிர்பார்ப்பைத் தாழ்த்திக்கொள்வதே நல்லது. மணிக்கு 400 கி.மீ. வேகத்தில் குறுக்கே பறக்கும் விமானம், 500 மீட்டர் தூரத்துக்குத் தோட்டா போய்ச்சேரும் முக்கால் நொடிக்கும் குறைவான நேரத்தில் 70 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அவ்வளவு முன்னால் குறிவைத்து, ஒற்றைக் குழலால் தொடுவது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தின் வேலை. எம்16 அரைச்சங்கிலி வண்டியில் நான்கு எம்2-களை ஒன்றாகக் கட்டியதன் காரணம் இதுவே. விமானத்துக்கு எதிராகக் கூரைத் துப்பாக்கிக்கு எந்தச் சலுகையும் நான் தரவில்லை. விமானி தாழ்வாக நேரே வண்டியை நோக்கிப் பாய்ந்தால் மட்டும் அது அவரைத் தண்டிக்கும்.

யாருடைய கை அது

சமநிலையில் எனக்கே எதிர்பாராத ஆழம் கிடைத்தது இந்தக் கேள்வியில்தான். டி-54, டி-55 வகைகளில் டிஎஸ்எச்கே-யின் பிற்கால வடிவம் லோடரின், அதாவது பீரங்கிக்குக் குண்டு நிரப்புபவரின், ஹேட்சில் இருக்கிறது. லெப்பர்ட் 2-இன் எம்ஜி3-உம் லோடரிடமே உள்ளது. லோடர் கூரைத் துப்பாக்கியைப் பிடித்திருக்கும் நேரத்தில் பீரங்கியை நிரப்ப ஆள் இல்லை. டி-72-இல் பீரங்கி தானியங்கி நிரப்பி மூலம் நிரம்புவதால் அந்த இழப்பு இல்லை. ஆனால் துப்பாக்கியைச் சுட கமாண்டரே வெளியே வர வேண்டும், அவர் கவனம் போய்விடும். ஒவ்வொரு குழுவினருக்கும் ஒரு நேரத்தில் ஒரே வேலை என்ற விதியைக் கட்டாயமாக்கியதும், வண்டிக்கு வண்டி கூரைத் துப்பாக்கியின் விலை வெவ்வேறாகிவிட்டது. லோடர் துப்பாக்கியிலிருந்து இறங்கி மறுபடி குண்டைத் தூக்க இரண்டு நொடி ஆவதால், பீரங்கிப் போர் நடக்கும்போது அனுபவமுள்ளவர்கள் எம்ஜி3-ஐத் தொடுவதே இல்லை. முன்னே காலாட்படை தெரிந்தால் மட்டும் எழுகிறார்கள்.

பின்னர் வந்த வண்டிகளில்தான் என் ஊகம் தன் எல்லையைத் தொட்டது. டி-64ஏ-யின் பிற்கால வடிவத்தில் கமாண்டர் ஹேட்சை மூடியபடியே உள்ளிருந்து என்எஸ்விடி துப்பாக்கியைச் சுடலாம். எம்60 டாங்கியில் எம்85 துப்பாக்கி எம்19 என்ற கவசக் கூண்டுக்குள்ளேயே இருக்கிறது. எம்1ஏ2-இல் சேர்ந்த க்ரோஸ் என்ற தொலைக்கட்டுப்பாட்டு நிலையமோ காமிராவும் திரையும் வழியே இயங்குகிறது. ஆள் வெளியே இல்லை; ஆளின் ஆபத்தை நம்பி நின்ற சமநிலையும் இங்கே இல்லை.

ஆனால் உண்மையிலும் இவற்றுக்கு விலை இருந்தது, அந்த விலையையே எடுத்துக்கொண்டேன். எம்60-இன் கூண்டு வண்டியை உயரமாக்கியது, 3.2 மீட்டரை எட்டும் அதன் உருவம் 2.4 மீட்டர் உயரமுள்ள டி-55-க்குப் பக்கத்தில் ஒளிந்துகொள்ள மிகவும் சிரமப்படும். இஸ்ரேலியர்கள் அந்தக் கூண்டைக் கழற்றிவிட்டுத் தாழ்வான ஒன்றைப் பொருத்தியதற்கு அதுவும் ஒரு காரணம். விளையாட்டில் உயரம் மாதிரியிலேயே இருப்பதால் நான் எதையும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. க்ரோஸின் முதல் வடிவம் கமாண்டரின் முன்பார்வையை மறைக்கும் அளவுக்கு உயரமாக இருந்ததால்தான் பின்னர் தாழ்ந்த வடிவம் வந்தது. ஹேட்ச் திறந்த பார்வையில் அந்த மறைப்பையும் அப்படியே விட்டேன். தொலைக்கட்டுப்பாட்டில் பார்வைப்புலம் காமிராவின் குறுகிய சட்டத்துக்குள் அடங்குகிறது, காமிராவின் கண்ணாடியைத் தோட்டாவால் உடைக்கலாம், பெட்டி தீர்ந்தால் நிரப்ப ஆள் வெளியே வந்தே தீர வேண்டும்.

இருந்தும் இது போதவில்லை. நூறு சுற்றுகளைச் சிக்கனமாகச் செலவழிக்கிற ஒருவர், ஆட்டம் முழுவதும் வெளியே வராமலே, திறந்த ஹேட்சுடைய பழைய வண்டிகளின் கமாண்டர்களைத் தூரத்திலிருந்து ஒவ்வொருவராக வீழ்த்திவிட முடிகிறது. வண்டியின் ஆட்டத்தை ஈடுசெய்யும் நிலைப்படுத்தி க்ரோஸில் உண்டு என்பதால் சிதறலைக் கூட்டுவதும் நேர்மையாகாது. எனவே எண்களை வளைப்பதைக் கைவிட்டு, ஆள் வெளியே வராமலே கூரைத் துப்பாக்கியைச் சுடக்கூடிய வண்டிகளைத் தனி அடுக்கில் வைத்துவிட்டேன். அவை தங்களுக்குள் மட்டுமே மோதும். டி-64ஏ அந்த அடுக்கின் அடித்தட்டில் நிற்கிறது. அதனுடன் எம்60-ஐ எதிர் நிறுத்தினால் இரண்டும் உள்ளிருந்தே சுடுகின்றன, ஒன்று உயரத்தால் இழப்பதை மற்றொன்று குறுகிய பார்வைப்புலத்தால் இழக்கிறது. இப்போதைய பதிப்பில் அடுக்குப் பிரிப்பு இந்த நிலையில்தான் இருக்கிறது. அடுத்ததாக எம்1-இன் லோடர் துப்பாக்கிக்கு நகர்ப்புறப் போருக்கெனப் பின்னர் சேர்க்கப்பட்ட கவசத் தகட்டின் வடிவத்தை ஹிட்பாக்ஸில் சேர்க்கும் வேலையைத் தொடங்கியிருக்கிறேன்.